கட்டடம் காட்சிக்கு; ஜனநாயகம் யாருக்கு?

தலைநகர் டெல்லியில் 96 ஆண்டுகள் சட்டமியற்றும் சபைகளின் இருப்பிடமாக விளங்கிய வட்ட வடிவக் கட்டடம் தன் பணியை முடித்துக் கொண்டுவிட்டது. 2023 மே 28 அன்று புதிய பாராளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. செப்டம்பர் 18 அன்று பழைய கட்டடத்தில் கடைசியாக அவைகள் கூடின. மறுநாள் உறுப்பினர்கள் புதிய கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். பழைய கட்டடத்துக்கு 'சம்விதான் சதன்', அதாவது 'அரசியல் சாசன இல்லம்' என்று பெயர் சூட்டப்பட்டது. அதனை 'ஜனநாயக அருங்காட்சியகம்' ஆக்கலாம் என்ற யோசனை, மத்திய விஸ்டா திட்டம் பேசப்பட்ட நாளிலிருந்தே சொல்லப்பட்டு வருகிறது.

நல்ல யோசனைதான். நாம் அதனை வரவேற்கிறோம். ஆனால் வரவேற்புடன் ஒரு கேள்வியையும் சேர்த்தே வைக்கிறோம். அந்த அருங்காட்சியகத்தில் எதைக் காட்டப் போகிறார்கள்? எதை மறைக்கப் போகிறார்கள்?

'கண்மாயில் தண்ணீர் இல்லை, மானாவாரிப் பருத்திக்கு விலை இல்லை, மிளகாய் வற்றலுக்கு நியாயமான கொள்முதல் இல்லை. இந்த நேரத்தில் டெல்லியில் எந்தக் கட்டடம் என்ன ஆனால் எங்களுக்கென்ன?' என்று அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து விவசாயி கேட்கக் கூடும். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அவரிடம் நாம் பணிவுடன் சொல்லிக் கொள்வோம்: ஐயா, கண்மாயைத் தூர்வாரக் கேட்கும் உரிமையும், கொள்முதல் விலை கேட்டுச் சாலையில் அமரும் உரிமையும் அந்தக் கட்டடத்தில் எழுதப்பட்டவைதாம். எழுதப்பட்ட கதையை ஒருவர் மாற்றிச் சொன்னால், நாளை உரிமையையும் மாற்றிச் சொல்வார். ஆகவே இது நம் சங்கதியும் கூட.

கட்டடம் கண்ட காட்சிகள்

1921 பிப்ரவரி 12 அன்று கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டினார். எட்வின் லட்யன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர் ஆகிய இரு ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தார்கள். 1927 ஜனவரி 18 அன்று வைஸ்ராய் இர்வின் பிரபு திறந்து வைத்தார். சுற்றிலும் 144 தூண்கள். அன்று அது மக்களுக்காகக் கட்டப்பட்ட மாளிகை அல்ல. சொத்தும் வரியும் உள்ள சிலருக்கு மட்டுமே வாக்குரிமை இருந்த காலம் அது. மன்னர்களுக்கென்றே தனியாக ஒரு மன்றம் அதற்குள் இருந்தது.

1929 ஏப்ரல் 8 அன்று அதே கட்டடத்தில்தான் பகத்சிங்கும் பதுகேஷ்வர் தத்தும் குண்டு வீசித் துண்டறிக்கைகளை எறிந்தார்கள். 1946 டிசம்பர் 9 அன்று அதே கட்டடத்தின் மைய மண்டபத்தில்தான் அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியது. 1949 நவம்பர் 26 அன்று அங்கேதான் அரசியல் சாசனம் ஏற்றுக் கொள்ளப்பட்டது. 1950 ஜனவரியில் தொடங்கிய உச்ச நீதிமன்றமும் 1958 வரை அங்கேதான், மன்னர்களுக்கெனக் கட்டிய மன்றத்தில் அமர்ந்து நீதி வழங்கியது. மன்னர் இருந்த இடத்தில் நீதி அமர்ந்தது. இதைவிடச் சிறந்த காட்சிப் பொருள் எந்த அருங்காட்சியகத்துக்குக் கிடைக்கும்?

தோற்ற குரல்களுக்கு இடம் உண்டா?

ஜனநாயகம் என்பது ஜெயித்தவர்களின் வரலாறு மட்டுமல்ல. தோற்றவனும் பேசலாம், பேசியது பதிவாகும், பேசியதற்காக அவன் தண்டிக்கப்பட மாட்டான் என்பதே ஜனநாயகம். வாக்கெடுப்பு மட்டும் போதும் என்றால் பெரும்பான்மையின் சர்வாதிகாரமும் ஜனநாயகமாகிவிடும்.

அரசியல் சாசன வரைவுக்கு 7,635 திருத்தங்கள் அனுப்பப்பட்டன என்றும், அவற்றில் 2,473 திருத்தங்கள் சபையில் முன்மொழியப்பட்டன என்றும் சபையின் பதிவேடுகள் சொல்கின்றன. அவற்றுள் பல தோற்றுப் போயின. ஆனால் ஒன்றுகூட மறைக்கப்படவில்லை. இன்றும் எவரும் எடுத்துப் படிக்கலாம்.

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாஹிப் சென்னை மாகாணத்தின் உறுப்பினராக அந்தச் சபையில் அமர்ந்தவர். 1948 நவம்பர் 23 அன்று பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று திருத்தம் கொண்டு வந்தார். டாக்டர் அம்பேத்கர் எழுந்து பதில் சொன்னார். திருத்தம் தோற்றது. 1949 மே மாதம் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைக் கைவிடும் யோசனை வந்தபோதும் இஸ்மாயில் சாஹிப் எதிர்த்து நின்றார். அதிலும் தோற்றார். அவருடைய கருத்துக்கு மாறாகப் பேசியவர்களில் பேகம் ஐஸாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களும் இருந்தார்கள் என்பதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. ஆட்சிமொழி விவாதத்தில், தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே முதல் உரிமை என்ற வாதத்தை எடுத்து வைத்தவரும் அவரே.

இத்தனை முறை தோற்றவர் சபையை விட்டு ஓடிவிடவில்லை. தன் கருத்து தோற்ற அதே சாசனத்தின் கீழ் 1952 இல் மாநிலங்களவைக்குச் சென்றார். பிறகு மஞ்சேரி தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தோற்றவனுக்கும் சபையின் மீது நம்பிக்கை இருந்தது. ஜெயித்தவனுக்கும் தோற்றவனின் மீது மரியாதை இருந்தது. அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டிய பொருள் இதுதான். இதற்குக் கண்ணாடிப் பெட்டி தேவையில்லை, நேர்மை தேவை.

அதே சபையில் 15 பெண் உறுப்பினர்கள் இருந்தார்கள். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்த தாக்ஷாயணி வேலாயுதன் அவர்களில் ஒருவர். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற மசோதா நிறைவேற 2023 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுத் தாமதத்தையும் ஒரு சுவரில் எழுதி வைக்க வேண்டாமா?

கசப்பான பக்கங்கள்

அருங்காட்சியகம் என்றால் பெருமைகள் மட்டுமே என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். அது கண்காட்சி; அருங்காட்சியகம் அல்ல.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிறையில் இருக்க, அந்தக் கட்டடத்தில் அரசியல் சாசனத் திருத்தங்கள் நிறைவேறின. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றது 39ஆவது திருத்தம். பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகளாக நீட்டியது 42ஆவது திருத்தம். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. பின்னர் அதே கட்டடத்தில்தான் 44ஆவது திருத்தம் வந்து பல தவறுகளைச் சரி செய்தது. தவறு செய்ததும் அங்கேதான். திருத்திக் கொண்டதும் அங்கேதான். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் அது வரலாறு. ஒன்றை மட்டும் காட்டினால் அது கட்சிப் பிரச்சாரம்.

நெருக்கடி நிலையை விரிவாகக் காட்டும் ஆட்சியாளர்கள் மற்றவற்றையும் காட்டுவார்களா? 1985 இல் வந்து 1995 இல் காலாவதியான தடா சட்டத்தில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடியவர்களின் கதையைக் காட்டுவார்களா? 2002 மார்ச்சில் மாநிலங்களவை நிராகரித்த போடா மசோதாவை, மார்ச் 26 அன்று அதே மைய மண்டபத்தில் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டி 425க்கு 296 என்ற வாக்கில் நிறைவேற்றினார்கள். அரசியல் சாசனம் பிறந்த மண்டபம் அது! அந்தச் சட்டத்தை ஆதரித்த கூட்டணியில் இருந்த நம் பக்கத்துச் சிவகாசித் தொகுதி எம்.பி. வைகோ அவர்களே, அதே ஆண்டு ஜூலையில் அதே சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். கொடுஞ்சட்டத்துக்குக் கட்சி தெரியாது, மதம் தெரியாது, கை தூக்கி ஆதரித்தவனையும் தெரியாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? 2004 இல் போடா ரத்து செய்யப்பட்டது.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியதும் அந்தக் கட்டடத்தில்தான். மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் பெயர் சொல்லிக் குறித்த அந்தச் சட்டத்தில் முஸ்லிம் என்ற சொல் விடுபட்டது. இலங்கை என்ற நாடும் விடுபட்டது. அந்த விவாதத்தில் இரு தரப்பும் பேசியதை ஒரு சொல் மாறாமல் வைக்கட்டும். பார்க்க வருபவர் தீர்ப்புச் சொல்லிக் கொள்வார்.

கொழும்பும் கான்பெராவும்

இலங்கை என்றதும் இன்னொரு பழைய பாராளுமன்றம் நினைவுக்கு வருகிறது. கொழும்பு காலிமுகத் திடலின் அருகே 1930 இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில்தான் 1948 இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்களின் முன்னோர் எங்கிருந்து போனவர்கள்? மழை பொய்த்த பஞ்ச காலங்களில் பழைய இராமநாதபுரம் சீமையிலிருந்தும் மற்ற வறண்ட சீமைகளிலிருந்தும் போனவர்கள். 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டபோது, அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. எல்லாமே முறைப்படி வாக்கெடுத்து, முறைப்படி கையெழுத்திட்டு நடந்தவை! 1982 இல் பாராளுமன்றம் கோட்டைக்கு இடம் மாறியது. பழைய கட்டடம் ஜனாதிபதி செயலகமாயிற்று. 2022 இல் விலைவாசியால் வெகுண்ட மக்கள் கூட்டம் அதே கட்டடத்துக்குள்தான் புகுந்தது.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். நம் டெல்லிக் கட்டடம் திறந்த அதே 1927 இல் கான்பெராவிலும் பாராளுமன்றம் திறக்கப்பட்டது. 1988 இல் அவர்களும் புதிய கட்டடத்துக்குப் போனார்கள். பழைய கட்டடம் 2009 மே 9 அன்று ஆஸ்திரேலிய ஜனநாயக அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதன் எதிரே புல்வெளியில், நிலவுரிமை கேட்டு அந்நாட்டின் ஆதிகுடிகள் 1972 இல் போட்ட கூடாரம் இருக்கிறது. உள்ளே ஜனநாயகத்தின் பெருமை. வெளியே அது தர மறுத்ததன் சாட்சி. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள்.

இங்கே என்ன நடந்தது? எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நின்று போராட்டம் நடத்தி வந்த காந்தி சிலையும், அம்பேத்கர் சிலையும் 2024 ஜூனில் பெயர்த்தெடுக்கப்பட்டு 'பிரேரணா ஸ்தல்' என்ற இடத்தில் மற்ற சிலைகளோடு சேர்த்து வைக்கப்பட்டன. சிலை எங்கிருந்தாலும் சிலைதான் என்பார்கள். ஆனால் சிலையின் காலடியில் நின்று கேள்வி கேட்டவர்களின் இடம் எங்கே?

இராமநாதபுரம் சீமைக்கு என்ன பங்கு?

1952 இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் அருப்புக்கோட்டை என்ற பெயரிலேயே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. அதில் வென்றவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். அந்தத் தொகுதி இன்று இல்லை. அருப்புக்கோட்டைச் சட்டமன்றத் தொகுதி விருதுநகர் மக்களவைத் தொகுதியிலும், பக்கத்திலேயே இருக்கும் திருச்சுழி இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியிலும் சேர்ந்திருக்கின்றன. 1962 இல் 41 ஆக இருந்த தமிழகத்தின் மக்களவை இடங்கள் 1967 இல் 39 ஆகக் குறைந்தன. வரைபடத்தில் இழுக்கப்படும் ஒரு கோடு ஓர் ஊரின் குரலைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதற்கு இவை சான்று.

முதல் தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்காளர்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி. சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று பதிந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 'என் பெயர் இருக்கிறதா?' என்று ஏழை எளியவர்கள் பதறியதைப் பார்த்தோம். பட்டியலில் ஒரு பெயர் எப்படிச் சேர்கிறது, எப்படி விழுகிறது என்ற கதை அந்த அருங்காட்சியகத்தில் முதல் அறையிலேயே இருக்க வேண்டும்.

நம் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஊராட்சியை மறக்க முடியுமா? 1996 இல் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட சமூகத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளைப் போலவே இங்கும் பத்தாண்டு காலம் முறையான தலைவர் அமர முடியவில்லை. வேட்பு மனு இராது. இருந்தாலும் வென்றவர் உடனே ராஜினாமா செய்வார். 2006 இல்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. டெல்லியில் எழுதிய சாசனம் இங்குள்ள ஓர் ஊராட்சி மன்றத்தின் நாற்காலிக்கு வந்து சேர 56 ஆண்டுகள் ஆயின. அந்த நாற்காலியைக் காட்சிக்கு வைக்கும் துணிவு இருக்கிறதா?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி ஆட்சியாளர்கள் பெருமையுடன் பேசுகிறார்கள். நமக்கும் பெருமைதான். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்திலேயே குடவோலை முறை இருந்தது. ஆனால் அதே கல்வெட்டு வரி கட்டும் நிலம், சொந்த வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி ஆகிய தகுதிகளையும் சொல்கிறது. நிலமற்ற உழவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. அதையும் சொல்லட்டும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பதவிக்கு வரக் கூடாது என்ற விதியையும் சேர்த்துச் சொல்லட்டும். இன்றைய ஆட்சியாளர்களுக்கு அது மிகவும் பயன்படும்!

நம் கோரிக்கைகள்

மத்திய அரசுக்கும் மக்களவை, மாநிலங்களவைத் தலைவர்களுக்கும் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. அருங்காட்சியகத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்யும் குழுவில் எதிர்க்கட்சிகளும், எல்லா மாநிலங்களின் வரலாற்று அறிஞர்களும் இடம் பெற வேண்டும். அரசின் விளம்பரத் துறை மட்டும் முடிவு செய்யக் கூடாது.

2. அரசியல் நிர்ணய சபையில் தோற்ற திருத்தங்களுக்கும் மாற்றுக் கருத்துகளுக்கும் தனிக் கூடம் வேண்டும்.

3. நெருக்கடி நிலை, தடா, போடா உள்ளிட்டவற்றை எந்தக் கட்சியின் ஆட்சி என்று பாராமல் காட்ட வேண்டும்.

4. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் விளக்கங்கள் இருக்க வேண்டும். இரண்டாயிரம் கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்து வரும் திருச்சுழிக்காரர், தன் உரிமையின் கதையைத் தன் மொழியில் படிக்க முடியாவிட்டால் அது யாருக்கான ஜனநாயகம்?

5. டெல்லிக்குப் போக வசதியில்லாதவர்களே நம்மில் அதிகம். மாவட்டத் தலைநகரங்களில் அந்தந்த வட்டாரத்தின் தேர்தல், ஊராட்சி வரலாற்றைச் சொல்லும் சிறு கூடங்களை மாநில அரசு அமைக்க வேண்டும்.

உயிரோடு இருப்பதற்கு உரை எழுதுங்கள்

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. சாதாரணமாக நாம் அருங்காட்சியகத்தில் வைப்பது, புழக்கத்திலிருந்து போய்விட்ட பொருள்களைத்தான். கமலை ஏற்றம் போய்விட்டது, அருங்காட்சியகத்தில் வைத்தோம். ஜனநாயகமும் அந்த வரிசையில் சேர்ந்துவிடக் கூடாது.

2023 டிசம்பரில் புதிய கட்டடத்தில், பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டதற்காக இரு அவைகளிலும் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். அவர்கள் இல்லாத அவையில் குற்றவியல் சட்ட மசோதாக்கள் நிறைவேறின. பழைய வீட்டில் ஜனநாயகத்துக்கு மாலை போட்டுவிட்டு, புதிய வீட்டில் அதன் வாயைக் கட்டினால் உலகம் சிரிக்காதா? 2024 மக்களவைத் தேர்தலில் 543 உறுப்பினர்களில் 24 பேர் மட்டுமே முஸ்லிம்கள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் நம் பங்கு 14 விழுக்காட்டுக்கும் மேல். இந்தக் கணக்கு ஒரு சமுதாயத்தின் குறை மட்டுமல்ல. சபையின் குறையும் கூட.

ஆட்சியாளர்களிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அதில் எத்தனை பேர் போய் அமர்கிறோம்? வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறோமா? கண்மாய் மடை பழுதானதைத் தீர்மானமாக எழுதச் சொல்கிறோமா? எழுதிய தீர்மானத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறோமா? நம் வீட்டுப் பெண்களை அழைத்துச் செல்கிறோமா? பழைய வாக்காளர் பட்டியல், தேர்தல் துண்டறிக்கை, நெசவாளர் சங்கத் தீர்மானப் புத்தகம் என்று வீட்டுப் பரணில் கிடப்பவற்றை எடைக்குப் போடாமல் பாதுகாக்கிறோமா?

அடுத்த கிராம சபையில் மேலே சொன்ன கோரிக்கைகளையும் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். தோற்றாலும் பரவாயில்லை; பதிவாகட்டும். காயிதே மில்லத் நமக்குக் கற்றுத் தந்த பாடம் அதுதான்.

டெல்லியில் 144 தூண்களை வெள்ளையடித்துக் காட்சிக்கு வைப்பது எளிது. அவற்றின் நடுவே ஒலித்த எல்லாக் குரல்களுக்கும் இடம் தருவது கடினம். கடினமானதைச் செய்வார்களா ஆட்சியாளர்கள்? கேட்டுக் கொண்டே இருப்போம்.